சுத்தியல் கல்லும் அடைக்கலப் பாட்டும்

கனடாவின் வடமேற்கே, யூகொன் பிரதேசத்தில் இருக்கிற டோசன் சிட்டிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் தங்கத்தின் கதைக்காகத்தான் போகிறார்கள். 1896 ஆகஸ்டில் அங்கே ஓர் ஓடையில் தங்கம் அகப்பட்டது. இரண்டு வருடத்துக்குள் ஏறத்தாழ 30,000 பேர் வந்து குவிந்தார்கள். வந்த வேகத்திலேயே பெரும்பாலானோர் போயும் விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன மதுச்சாலை, நாடக அரங்கு, வங்கிக் கட்டடம் எல்லாம் இன்றைக்கும் அந்த ஊருக்குச் சோறு போடுகின்றன. தார் போடாத வீதி, பலகை அடித்த நடைபாதை, நள்ளிரவிலும் இருட்டாத வானம். பார்க்க வடிவான ஊர்தான். ஆனால் நான் எழுத வந்தது அதைப் பற்றியல்ல. ஃப்ரண்ட் வீதியில், யூகொன் ஆற்றைப் பார்த்தபடி இருக்கிற டானோஜா ஸோ பண்பாட்டு நிலையத்தைப் பற்றி.

அம்மாவும் நானும் போனோம். வைற்ஹோர்ஸ் வரைக்கும் விமானம், பிறகு கிளொண்டைக் நெடுஞ்சாலையில் வடக்கே ஏறத்தாழ 530 கிலோமீற்றர் கார். வழியெல்லாம் காடும் ஆறும்தான். அந்தப் பயணத்தைப் படத்தோடு எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

இந்த நிலையம் ட்ரொண்டெக் ஹ்வெச்சின் என்ற முதற்குடி மக்களுடையது. அரசாங்கம் கட்டிக்கொடுத்து "இவர்களையும் பாருங்கள்" என்று வைத்த காட்சிசாலை என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். வீட்டுக்காரர் அவர்கள், நாங்கள் விருந்தாளிகள். நிலையம் திறந்தது 1998 இல். அதே வருடம்தான் அவர்களுடைய நில உரிமை ஒப்பந்தமும் தன்னாட்சி ஒப்பந்தமும் கைச்சாத்தானது. யூகொன் முதற்குடிகள் எலைஜா ஸ்மித் தலைமையில் ஒட்டாவாவுக்குப் போய் தங்கள் கோரிக்கையைப் பிரதமர் கையில் கொடுத்தது 1973 இல். இடையில் 25 வருடம். கோரிக்கையோடு போனவர்களின் பேரப்பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போகிற அளவு காலம். அதைத் தெரிந்துகொண்டு உள்ளே போனால் ஒவ்வொரு சுவரையும் வேறு மாதிரிப் பார்ப்பீர்கள்.

எங்களுக்குச் சுற்றிக்காட்டியவள் ஒரு இளம் பெண். கோடைக்கால வேலை என்றாள். இரண்டாவது நிமிடமே அம்மாவை "ஆன்ட்டி" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டாள். முதற்குடி ஊர்களில் வயதில் மூத்த பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அம்மாவுக்கு அதற்குப் பிறகு கூச்சம் எல்லாம் போய்விட்டது.

முதல் அவள் எடுத்துக் காட்டியது ஒரு கல்லை. தொட்டுப் பார்ப்பதற்கென்றே வைத்திருந்த கல். கைக்கு அடக்கமாக, ஒரு முனை மழுங்கி, நடுவில் பிடிக்கிற இடம் மட்டும் வழுவழு என்று இருந்தது. அம்மா இரண்டு கையாலும் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, விரல்களை எங்கே வைப்பது என்று தேடினா. அந்த இடத்தில் வைத்ததும் கல் கையில் தானாகப் பொருந்தியது. சுத்தியல் கல். இதை வைத்துத்தான் ஆற்றுப் படுக்கையில் மரக்கம்புகளை அறைவார்கள். கிளொண்டைக் ஆறு வந்து யூகொனோடு கலக்கிற வாயில் கம்பு வேலி போட்டு, ஏறி வருகிற சால்மனை மறித்துப் பிடிப்பார்கள். அந்தச் சங்கமத்தில் இருந்த அவர்களின் மீன்பிடி ஊர் ட்ரொச்செக். ஜூலையில் பெரிய கிங் சால்மன், இலையுதிர் காலத்தில் சம் சால்மன். நாய்களுக்கும் சேர்த்து ஒரு முழுக் குளிர்காலத்துக்கான சாப்பாடு சில கிழமைகளில் கரையேறிவிட வேண்டும்.

அம்மா விடவில்லை. "உப்புப் போடுறேல்லையோ?" என்று கேட்கச் சொன்னா. நான் மொழிபெயர்த்தேன். இல்லை, புகைதான் என்றாள் அந்தப் பெண். மீனை வால் வரைக்கும் பிளந்து, வால் மட்டும் சேர்ந்திருக்க விட்டு, சதையில் குறுக்குக் குறுக்காக வெட்டுப் போட்டு, பரணில் தொங்கவிட்டு, கீழே மெல்லிய நெருப்பு. வெட்டு ஆழமானால் சதை கழன்று நெருப்பில் விழும், ஆழம் குறைந்தால் உள்ளே ஈரம் நின்று பழுதாகும். கையில் கத்தி இருப்பதுபோல் அவள் காற்றில் கீறிக் காட்ட, அம்மாவும் கூடவே கீறினா. ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் எனக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

தங்கம் வந்த பிறகு நடந்ததை அவள் குரல் உயர்த்தாமல் சொன்னாள். ட்ரொச்செக்கில் வந்தேறிகள் குடிசை போட்டார்கள். விறகுக்கும் சுரங்கத்துக்கும் காட்டை வெட்டினார்கள், மூஸ் மானை வேட்டையாடித் தீர்த்தார்கள். மீன் காய்ந்த இடம் டோசன்காரரின் கேளிக்கைக் குடியிருப்பாக மாறியது. 1897 இல் தலைவர் சீஃப் ஐசக் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஆற்றோடு ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றர் கீழே மூஸ்ஹைட் என்ற இடத்துக்குப் போனார். தூரத்தைப் பார்த்தால் பக்கம்தான். ஆனால் கம்பு நட்ட ஆற்றுவாய் கைவிட்டுப் போய்விட்டது. அதற்குப் பிறகும் ஐசக் டோசன் விழாக்களுக்கு வருவார், பேசுவார். எங்கள் நிலத்தில்தான் நீங்கள் செழித்தீர்கள் என்பதை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போவார். அவருடைய படத்துக்கு முன்னால் நாங்கள் நெடுநேரம் நின்றோம்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

இந்தக் கூட்டத்துக்கு நடுவில் தன் மக்களின் பாட்டும் ஆட்டமும் தப்பிப் பிழைக்காது என்று ஐசக் கணித்திருக்கிறார். எல்லைக்கு அந்தப் பக்கம், அலாஸ்காவில், அவர்களுக்கு உறவுக்காரர் இருந்தார்கள். அந்த எல்லைக்கோடே இவர்களைக் கேட்டுப் போட்டதல்ல. பாட்டுகளையும் ஆட்டங்களையும், ஆட்டத்தை முன்னின்று நடத்துகிற கான்ஹாக் என்ற கோலையும், ஐசக் அந்த உறவுகளிடம் ஒப்படைத்தார். வைத்திருங்கள், காலம் வரும்போது வாங்கிக்கொள்கிறோம் என்று. 1932 இல் அவர் காலமாகிவிட்டார். தொண்ணூறுகளில்தான் அவருடைய மக்கள் அலாஸ்காவுக்குப் போய், அங்கே இருந்தவர்களிடம் உட்கார்ந்து படித்து, பாட்டுகளைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

இதை நான் சொல்லச் சொல்ல அம்மா கேட்டுக்கொண்டே இருந்தா. பிறகு, "சண்டைக்குள்ள கோயில் விக்கிரகத்தைக் கிணத்துக்குள்ள இறக்கிப்போட்டு வெளிக்கிட்ட ஊருகள் இருக்கு பிள்ளை" என்றா. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று இரவு எனக்கு அதே யோசனை. விக்கிரகம் தண்ணீருக்குள் கிடக்கும். நாற்பது வருடம் கழித்துத் தூக்கினாலும் அதே விக்கிரகம்தான். பாட்டு அப்படிக் கிடக்காது. அடைக்கலம் வாங்கியவர் அதைப் பாடினால்தான் அது இருக்கும். பாடியதைப் பிள்ளைக்குப் பழக்க வேண்டும், பிள்ளை அடுத்த பிள்ளைக்குப் பழக்க வேண்டும். தங்களுடையதோடு சேர்த்து இன்னொருவர் பொருளையும், இது அவர்களுடையது என்ற நினைவு மாறாமல், அவ்வளவு காலம் வாயில் வைத்திருந்திருக்கிறார்கள் அந்த அலாஸ்கா உறவுகள். கேட்டு வந்தபோது கொடுத்தும் இருக்கிறார்கள். கொடுத்த ஐசக்கின் தூரப்பார்வையைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு வைத்திருந்தவர்களைத்தான் கும்பிட வேண்டும் போல் இருந்தது.

பாட்டுக்கு அப்படி ஒரு வழி கிடைத்தது. பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. முதற்குடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டுபோய் வைத்த விடுதிப் பள்ளிகளைப் பற்றியும் அவள் சொன்னாள். மூஸ்ஹைட் பிள்ளைகளைத் தெற்கே கார்க்ராஸில் ஆங்கிலிக்கன் திருச்சபை நடத்திய சூட்லா பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். 1911 முதல் 1969 வரை நடந்த பள்ளி. தாய்மொழி பேசக்கூடாது. அவர்களின் ஹான் மொழியைச் சரளமாகப் பேசுகிறவர்கள் இன்றைக்கு மிகச் சிலரே. இதைச் சொல்லும்போது மட்டும் அவள் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. நாங்களும் கேள்வி கேட்கவில்லை.

வெளியே வருகிற இடத்தில் ஒரு சின்னக் கடை இருக்கிறது. உள்ளூர்ப் பெண்கள் செய்த மணிவேலை. மொக்கசின் என்கிற தோல் காலணிச் சோடி ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன். புகைபோட்டுப் பதப்படுத்திய மூஸ் தோலின் வாசம், நெருப்படியில் உட்கார்ந்திருந்தவரின் உடுப்பில் வருகிற வாசம். மேலே ஒரு காட்டு ரோசாப்பூ. ஒவ்வொரு இதழிலும் நடுவிலிருந்து விளிம்புக்குப் போகப் போக இளஞ்சிவப்பு மெல்ல வெளுக்கிறது. கடுகைவிடச் சிறிய மணிகள், வரிசை ஒன்றுகூடக் கோணவில்லை. விலையைப் பார்த்து யாராவது பேரம் பேச நினைத்தால் முதலில் அந்த ஒரு இதழை உற்றுப் பாருங்கள். அம்மா தனக்கென்று ஒரு சோடி தோடு வாங்கினா, எனக்கு வாங்கித் தர விடவில்லை, தன் காசில்.

நான் அங்கே கேட்ட கடைசிக் கேள்வி, இப்போது மீன் எப்படி என்பது. கேட்டதும் அவள் முகம் மாறியது.

கிங் சால்மன் பெரிங் கடலில் இருந்து புறப்பட்டு, ஒன்றும் சாப்பிடாமல், 2,000 கிலோமீற்றருக்கு மேல் நீரோட்டத்தை எதிர்த்து ஏறித்தான் டோசனைத் தொடுகிறது. வைற்ஹோர்ஸ் பக்கம் பிறந்த மீன் என்றால் இன்னும் மேலே, கிட்டத்தட்ட 3,000. அந்த மீன் இப்போது வருவதில்லை என்கிற அளவுக்குக் குறைந்துவிட்டது. கடலும் ஆறும் சூடாகின்றன, மீனுக்கு நோய், கடலில் வேறு மீனுக்குப் போட்ட வலையிலும் அகப்படுகிறது. ஒரு காரணம் என்று சொல்ல முடியாது. 2024 ஏப்ரலில் கனடாவும் அலாஸ்காவும் ஒப்பந்தம் செய்து, யூகொன் ஆற்றில் கிங் சால்மன் பிடிப்பதை ஏழு வருடத்துக்கு நிறுத்தின. ஏழு வருடம் என்பது அந்த மீனின் ஒரு முழு வாழ்நாள். எல்லையைத் தாண்டி 71,000 மீன் வர வேண்டும் என்பது இலக்கு. அண்மைய வருடங்களில் அதில் பாதிகூட வந்ததில்லை.

இவர்கள் அதற்கு முன்பே பல வருடம் தாங்களாகவே வலையை ஒதுக்கி வைத்தவர்கள். "மீன் இல்லாவிட்டாலும் பிள்ளைகளை ஆற்றுக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம்" என்றாள் அவள். முகாம் போடுகிறார்கள், கத்தி பிடிக்கப் பழக்குகிறார்கள், பரண் கட்டப் பழக்குகிறார்கள். எனக்கு நெஞ்சு கனத்தது. பாட்டை உறவிடம் கொடுத்து வைத்தார் ஐசக். மீனை எந்த உறவிடம் கொடுத்து வைப்பது? ஆறு ஒன்றுதானே இருக்கிறது. ஆனால் வெட்டத் தெரிந்த கை இல்லாமல் போனால், மீன் திரும்பி வந்தும் பயனில்லை. ஆகவே கையைக் காப்பாற்றுகிறார்கள்.

ரொறன்ரோவில் எங்கள் ஆட்களின் விழாக்களில், நாங்கள் நிற்கிற நிலம் எந்த முதற்குடிகளுடையது என்று சொல்கிற நில ஒப்புகை வாசிக்கிறோம். மிசிசாகா, அனிஷினாபே, ஹோடெனொஷோனி, வென்டாட் என்று பெயர்களை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வரவேற்பு நடனத்துக்குப் போய்விடுகிறோம். இடம்பெயர்ந்து வந்த நாங்கள் இதை இப்படி அவசரமாகச் செய்யக்கூடாது என்பது என் எண்ணம். அந்தப் பெயருக்குரியவர் ஒருவரை அழைத்து, பத்து நிமிடம் கொடுத்து, அவர் சொல்வதைக் கேட்கலாம். தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளைப் பக்கத்தில் உள்ள முதற்குடி நிலையங்களுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். டோசன் வரைக்கும் போகத் தேவையில்லை, ஒன்ராறியோவிலேயே இருக்கின்றன.

டோசனுக்கே போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிலையம் கோடையில்தான் திறந்திருக்கும். தங்கச் சுரங்கத்துக்குப் போவதற்கு முன்னால் இங்கே வாருங்கள், அரை நாள் ஒதுக்குங்கள், வழிகாட்டியோடு சுற்றுங்கள். அதற்குப் பிறகு கிளொண்டைக் பள்ளத்தாக்கில் போனால், தங்கத்துக்காக ஆற்றுப் படுக்கையை வாரியெடுத்துத் துப்பிய கல்மேடுகள் கிலோமீற்றர் கணக்கில் வளைந்து வளைந்து கிடப்பதைப் பார்ப்பீர்கள். முதலில் சுரங்கத்தைப் பார்த்தவர்களுக்கு அது வெறும் கல். 2023 இல் யுனெஸ்கோ இந்தப் பகுதியை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது ட்ரொச்செக்கும் மூஸ்ஹைட்டும் அதற்குள் இருந்தன.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஜூலையில் மூஸ்ஹைட்டில் ஒன்றுகூடல் நடக்கிறது. அலாஸ்கா உறவுகளும் வருவார்கள், வெளியாட்களும் போகலாம், டோசனில் இருந்து படகில் கூட்டிப்போவார்கள். அங்கேதான் அந்தப் பாட்டுகளைப் பாடுகிறார்கள். அடுத்த ஒன்றுகூடலுக்கு இரண்டு பேருக்கும் லீவு போட அம்மா இப்போதே சொல்லிவிட்டா.