பீரோவும் ஒரு டாங்கிதான்

படையிலிருந்து ஓய்வு பெற்ற என் நண்பர், பணிக்காலம் முழுவதும் தம்மோடு சுமந்து திரிந்த திசைகாட்டியை எனக்கு நினைவுப் பரிசாக அளித்தபோது, அதற்கான நிலையாணைகளையும் சேர்த்தே அளித்தார். பொருள் என் வீட்டில் இருக்கிறது. அதிகாரம் இன்றுவரை அவரிடமே இருக்கிறது.

எங்கள் வீட்டுக்கு வந்தால், நலம் விசாரிப்பதற்கு முன்பே அதைத்தான் பார்வையிடுவார். முதல் பார்வையிடலில் அது இரும்பு பீரோவின் மேல் இருப்பதைக் கண்டு அதிர்ந்துபோனார். உயர் அழுத்த மின்கம்பியிலிருந்து 55 மீட்டர், பீரங்கி, லாரி, டாங்கி ஆகியவற்றிலிருந்து 18 மீட்டர், முள்கம்பியிலிருந்து 10 மீட்டர், இரும்புத் தலைக்கவசத்திலிருந்து அரை மீட்டர் என்று, முள் திசைமாறாதிருக்க விலகி நிற்க வேண்டிய தூரங்களை அமெரிக்கத் தரைப்படைக் கையேடு வகுத்திருப்பதை மூச்சுவிடாமல் ஒப்பித்தார். பீரோ அந்தப் பட்டியலில் இல்லையே என்று என் மனைவி பணிவாகக் கேட்டார். நண்பர் அதை மேலும் கீழும் அளந்து பார்த்துவிட்டு, உருவத்தைக் கருதி டாங்கி வகையில் சேர்ப்பதாக அறிவித்தார். அந்தக் கணக்குப்படி திசைகாட்டியைப் பக்கத்து வீட்டில்தான் வைத்தாக வேண்டும். நெடிய பேச்சுவார்த்தைக்குப் பின் கூடத்து மரத்தட்டுக்கு ஒப்புதல் கிடைத்தது.

கருவியாகப் பார்த்தால் அதற்கும் ஓய்வு பெறும் வயதுதான். இருளில் ஒளிர்வதற்காக அதில் டிரிட்டியம் என்ற கதிரியக்க வாயு அடைத்த சிறு குழல்கள் உள்ளன. டிரிட்டியத்தின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறையும் காலம், ஏறத்தாழ 12.3 ஆண்டுகள் என்பதால், 25 ஆண்டுகளில் கால் பங்கே மிஞ்சும். இந்த மங்கலைக் காரணம் காட்டி, புதிதாக ஒன்று வாங்கித் தருவதாக என் மைத்துனர் முன்வந்தார். புதியதில் மூடியின் ஓரத்தில் உள்ள அந்த நசுங்கல் இருக்காதே! அது எப்படி நேர்ந்தது என்று கேட்கும்போதெல்லாம் நண்பர் வேறொரு கதை சொல்வார்: பதுங்குகுழிக்குள் விழுந்தது என்பார், மேலதிகாரியின் ஜீப் ஏறியது என்பார், கடைசியாக, தம் மகள் சிறுவயதில் அதைச் சுத்தியலாக்கி விளையாடியதாகச் சொன்னார். எனக்கு இந்தக் கடைசிக் கதையில்தான் நம்பிக்கை, ஏனெனில் அதைச் சொல்லும்போது மட்டும் அவர் கையை ஆட்டிக் குரலை உயர்த்தவில்லை.

இதற்கெல்லாம் கைப்பேசியே போதுமே என்று மைத்துனர் அதைத் திசைகாட்டியின் அருகில் வைத்ததும், ஒலிபெருக்கியின் காந்தத்துக்கு முள் துள்ளித் திரும்பியது. நான் வாய் திறக்கும் முன்பே, என் மனைவி, "தம்பி, 18 மீட்டர் தள்ளிப் போ" என்றார்.