மலைக்கு அப்பால் ஒரு வீடு

பர்மிங்ஹாமில் வேலை கிடைத்திருக்கிறது என்றதும் ஊரில் எல்லோரும் இங்கிலாந்து என்றே நினைத்துக்கொண்டார்கள். இல்லை, அலபாமா என்று சொன்னால் அடுத்த கேள்வி: "அங்கே நம்ம ஆட்கள் இருக்காங்களா?" இருக்கிறார்கள். பெரிய மருத்துவமனை, பல்கலைக்கழகம், வங்கிகள் எல்லாம் இருக்கிற ஊரில் நாம் இல்லாமல் இருப்போமா?

இங்கே விமான நிலையத்தின் பெயர் பர்மிங்ஹாம்–ஷட்டில்ஸ்வர்த். யார் அந்த ஷட்டில்ஸ்வர்த் என்று எனக்குச் சொன்னவர் அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர். ஐம்பதைத் தாண்டியவர், கறுப்பினத்தவர், இதே ஊரில் பிறந்து வளர்ந்தவர். ஃபிரெட் ஷட்டில்ஸ்வர்த் ஒரு பாதிரியார். 1956 கிறிஸ்துமஸ் இரவு அவர் வீட்டில் குண்டு வைத்தார்கள். வீடு நொறுங்கியது, மனிதர் காயமில்லாமல் எழுந்து வந்தார். மறுநாளே பேருந்தில் வெள்ளையருக்கு ஒதுக்கிய இருக்கையில் உட்காரும் போராட்டத்தை நடத்தினார். அடுத்த ஆண்டு தன் பெண்களை வெள்ளையர் பள்ளியில் சேர்க்கப் போனபோது ஒரு கும்பல் சங்கிலியால் அடித்தது. அவர் மனைவிக்குக் கத்திக்குத்து. 2008இல் விமான நிலையத்துக்கு அவர் பெயரை வைத்தபோது அவர் உயிரோடுதான் இருந்தார். இதைச் சொல்லிவிட்டு நண்பர், "குண்டு போட்ட ஊரே பெயரும் வைத்தது, அதுவும் பர்மிங்ஹாம்தான்" என்றார்.

வீடு தேட ஆரம்பித்தபோதுதான் ஊர் எனக்குப் புரிய ஆரம்பித்தது. வீட்டு ஏஜென்ட் அம்மா அத்தனை கேள்விக்கும் பதில் சொல்வார், "இந்தப் பக்கம் எப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள்?" என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்க மாட்டார். 1968இல் வந்த வீட்டுவசதிச் சட்டப்படி, இனத்தைப் பார்த்து ஆட்களை ஒரு பகுதிக்குத் தள்ளிவிடுவது சட்டவிரோதம். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில் கையெழுத்தான சட்டம் அது. சரி, ஏஜென்ட் சொல்லாவிட்டால் என்ன, நம் வாட்ஸ்அப் குழு எதற்கு இருக்கிறது? கேட்ட பத்து நிமிஷத்தில் பதில்கள் குவிந்தன. "ஹூவர் பாருங்க, ஸ்கூல் நல்லா இருக்கும்." "வெஸ்டேவியா ஹில்ஸ் இன்னும் பெட்டர்." "மலைக்கு இந்தப் பக்கம் வேண்டாம் அண்ணா, ஏரியா சரியில்லை." சரியில்லை என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. எந்தத் தெரு என்று கேட்டே ஆளை எடைபோடுகிற மண்ணிலிருந்து வந்தவனுக்கு விளக்கம் வேறு வேண்டுமா?

அந்த மலை ரெட் மவுண்டன். இரும்புத் தாது வெட்டிய மலை. ஊர் வளர்ந்ததே அதை நம்பித்தான். அதைத் தாண்டித் தெற்கே இருக்கும் புறநகர்களை இந்த ஊர்க்காரர்கள் 'ஓவர் த மவுண்டன்' என்பார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினையை ஒழிக்கும்படி மாவட்டத்தின்மேல் 1965இல் வழக்கு போட்டார்கள். அதற்குப் பிறகு வெஸ்டேவியா ஹில்ஸ் 1970இல் தனிப் பள்ளி நிர்வாகம் அமைத்துப் பிரிந்தது. ஹூவர் 1988இல். சொத்து வரியில் ஒரு பங்கு உள்ளூர்ப் பள்ளிக்கே போவதால், வசதியுள்ள ஊர் பிரிந்தால் பணமும் சேர்ந்து பிரியும். வடக்கே கார்டன்டேல் என்கிற ஊரும் இதே வழியில் போகப் பார்த்தது. இனமே இதற்குக் காரணம் என்று சொல்லி 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடுத்துவிட்டது. நாம் 'நல்ல ஸ்கூல்' என்று சொல்லும் இரண்டு வார்த்தைக்குப் பின்னால் இத்தனை வழக்கு இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை நண்பர் தன் காரில் ஸ்மித்ஃபீல்ட் பகுதிக்கு அழைத்துப்போனார். சென்டர் ஸ்ட்ரீட். பார்த்தால் சாதாரணத் தெரு, மேட்டில் ஏறும் சாலை, இரண்டு பக்கமும் முன்திண்ணை வைத்த வீடுகள். கிழக்குப் பக்கம் கறுப்பர், மேற்குப் பக்கம் வெள்ளையர் என்று ஒரு காலத்தில் இந்தத் தெருதான் எல்லை. யார் எங்கே குடியிருக்கலாம் என்று நகராட்சியே சட்டம் போட்டிருந்தது. நீதிமன்றம் அதை ரத்து செய்த பிறகு, தெருவைத் தாண்டி வீடு வாங்கியவர்களுக்குக் குண்டு பதில் சொன்னது. டைனமைட் ஹில் என்ற பெயர் அப்படி வந்தது. கறுப்பின வழக்கறிஞர் ஆர்தர் ஷோர்ஸின் வீட்டில் மட்டும் 1963 ஆகஸ்டில் ஒரு முறை, செப்டம்பரில் ஒரு முறை. அதே செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை காலை, பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் வைத்த குண்டில் நான்கு சிறுமிகள் இறந்தார்கள். மூவருக்கு வயது பதினான்கு, ஒருத்திக்குப் பதினொன்று.

கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து சீட்டோ தாயமோ செக்கர்ஸோ ஆடக் கூடாது என்றுகூட இந்த ஊரில் சட்டம் இருந்தது என்று நண்பர் சொன்னார். ஆலீஸ் பார்பக்யூ என்ற உணவகத்தின் கதையையும் அன்றுதான் கேட்டேன். உள்ளே வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள்; ஆனால் கறுப்பின வாடிக்கையாளர் உள்ளே உட்கார்ந்து சாப்பிட முடியாது, பார்சல் வாங்கிக்கொண்டு போகலாம். எந்த டீக்கடை நினைவுக்கு வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பொது இடங்களில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த 1964 சிவில் உரிமைச் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது என்று முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். கடையில் சமைக்கும் கறி வெளி மாநிலத்திலிருந்து வருகிறது, ஆகவே இது மாநிலங்களுக்கு இடையிலான வணிகம், ஆகவே சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. சமத்துவம் கறி லாரியில் ஏறி வந்தது என்று நண்பர் சிரித்தார்.

நம்மவர்கள் கூடும் இடங்களில் ஒரு பேச்சு அடிக்கடி வரும். "நாம படிச்சு, கஷ்டப்பட்டு வந்தோம். யாரும் நமக்கு எதுவும் கொடுக்கலை." படித்தோம்தான். 1965க்கு முன்னால் எவ்வளவு படித்திருந்தாலும் என்ன? 1946லிருந்து இந்தியாவுக்கு ஆண்டுக்கு நூறு பேர் என்பதுதான் ஒதுக்கீடு. 1964 ஜூலையில் சிவில் உரிமைச் சட்டம், 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம், அக்டோபரில் நாடு பார்த்து ஆளை எடுக்கும் முறையை ஒழித்த குடியேற்றச் சட்டம். சுமார் பதினைந்து மாதங்களில் மூன்றும். முதல் இரண்டுக்கும் இந்த ஊரிலும் இதே மாநிலத்திலுள்ள செல்மாவிலும் அடி வாங்கியவர்கள் யார் என்று பார்த்தால், மூன்றாவது கதவு யார் தள்ளித் திறந்தது என்பது தெரியும்.

அப்பா கோவில்பட்டியிலிருந்து வந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். விடியற்காலையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார், ஒவ்வொரு வீட்டுத் தோட்டத்தின் முன்னும் நின்று பார்ப்பார். வேலிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பூ பொதுச்சொத்து என்பது அவர் கொள்கை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2015 பிப்ரவரியில் இங்கிருந்து வடக்கே மாடிசன் என்ற ஊரில், பேரனைப் பார்த்துக்கொள்ள குஜராத்திலிருந்து வந்த தாத்தா ஒருவர் நடைபாதையில் நடந்துகொண்டிருந்தார். ஒல்லியான கறுப்பர் ஒருவர் சந்தேகப்படும்படி திரிகிறார் என்று யாரோ போலீஸுக்குப் போன் செய்தார்கள். வந்த போலீஸ்காரர் அவரைத் தரையில் சாய்த்ததில் முதுகுத்தண்டில் அடிபட்டு உடலின் ஒரு பகுதி செயலிழந்தது. ஆங்கிலம் தெரியாதவர். போலீஸ்காரர்மேல் வழக்கு நடந்தது. ஜூரிகள் இரண்டு முறையும் முடிவுக்கு வர முடியாமல் போய், கடைசியில் நீதிபதி விடுதலை செய்தார்.

நம்மவர்கள் இன்றும் இதைப் பேசும்போது, "கறுப்பர்னு தப்பா நினைச்சுட்டாங்களாம், பாவம்" என்கிறார்கள். அப்படியானால் சரியாக நினைத்திருந்தால்? இதைக் கேட்டு ஒரு பிறந்தநாள் விருந்தைக் கொஞ்சம் கெடுத்திருக்கிறேன்.

நண்பரிடம் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். மகனுக்குப் பதினாறு வயதில் லைசென்ஸ் வந்த அன்று, தான் சொல்லிக்கொடுத்ததை எனக்குச் சொன்னார். கை வெளியே தெரிய வேண்டும். சட்டைப்பையில் கையை விடக் கூடாது. ஓடக் கூடாது. 'சார்' போட வேண்டும். அன்று இரவு அப்பாவிடம் இதையே தமிழில் சொல்லி, பாஸ்போர்ட் நகலையும் என் போன் நம்பரையும் கையில் கொடுத்தேன். அப்பாவுக்குக் கோபம். "நான் என்ன திருடனாடா?" மறுநாள் நண்பரிடம் சொன்னேன். "என் மகனும் இதைத்தான் கேட்டான்" என்றார்.

வீடு கடைசியில் ஹூவரில்தான் வாங்கினோம். பள்ளிதான் காரணம், வேறு சொல்லி மழுப்பவில்லை. குடியுரிமை வந்ததும் ஓட்டுக்குப் பதிந்துகொண்டேன். பெல்ஹமில் இருக்கும் கோயிலில் ஒருவர், "நம்ம ஒரு ஓட்டுல என்ன ஆகப் போகுது?" என்றார். அந்தக் கோயில் இருப்பது ஷெல்பி கவுண்டியில். இனப் பாகுபாட்டு வரலாறு உள்ள இடங்கள் தேர்தல் விதியை மாற்றும் முன் மத்திய அரசின் அனுமதி வாங்க வேண்டும் என்பதுதான் வாக்குரிமைச் சட்டத்தின் பல். 2013இல் அந்தப் பல்லைப் பிடுங்கிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இந்தக் கவுண்டியின் பெயரில்தான் இருக்கிறது. அதே கவுண்டியின் கலீரா நகரில் 2008இல் வார்டு எல்லையை மாற்றியதில், அங்கே இருந்த ஒரே கறுப்பின கவுன்சிலர் எர்னஸ்ட் மான்ட்கோமரி சொற்ப வித்தியாசத்தில் தோற்றார். பழைய சட்டம் பல்லோடு இருந்த காலம் என்பதால் மத்திய நீதித் துறை தலையிட்டு, தேர்தலைத் திரும்ப நடத்த வைத்தது.

புளியோதரை வரிசையில் நின்றபடி இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "அப்புறம் அவர் ஜெயிச்சாரா?" என்றார் அவர். ஜெயித்தார் என்றேன். ஓட்டுக்குப் பதிய என்னென்ன காகிதம் வேண்டும் என்று அடுத்துக் கேட்டார்.