மூன்று மூட்டைகளுக்கு ஒரு ரசீது

எங்கள் மருந்துக்கடை சென்னைப் புறநகர் ரயில் நிலையம் ஒன்றின் வாசலில் இருக்கிறது. நடைமேம்பாலப் படிக்கட்டுக்கு அடியில் அந்த அக்கா தங்க ஆரம்பித்து ஆறேழு வருடம் இருக்கும். யாரோ கூப்பிட்டதுபோல் திரும்பிப் பதில் சொல்வார். சில நாட்களில் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை திட்டிக்கொண்டிருப்பார். யார்மீதும் கை வைத்ததில்லை. நான் கடை திறக்கும்போது "தம்பி, டீ" என்பார். எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான்.

போன மழைக்காலத்தில் அவர் இடது பாதத்தில் சுற்றியிருந்த துணி நாறத் தொடங்கியது. காட்டச் சொன்னால் காலை இழுத்துக்கொண்டார். நான்காம் நாள் அவராகவே அவிழ்த்தார். சுண்டுவிரல் கறுத்துப் போயிருந்தது. புண்ணுக்குள் புழு நெளிந்தது. "வலிக்குதாக்கா?" என்று கேட்டேன். "இல்லையே" என்றார். எனக்குப் பயம் வந்தது அந்தப் பதிலைக் கேட்டுத்தான். அப்படிப்பட்ட புண் வலிக்கவில்லை என்றால் பாத நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது. கடை மீட்டரில் சர்க்கரை பார்த்தேன். 386.

108 வந்தது. அக்கா ஏறவில்லை. அவரிடம் மூன்று மூட்டைகள் உண்டு, அவற்றை விட்டு நகர மாட்டார். மறுநாள் மூட்டைகளோடு சேர்த்து அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். முதல் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் அவர் தலைமுடியையும் முணுமுணுப்பையும் பார்த்தார்கள், காலைப் பார்க்கவில்லை. சீட்டில் "மனநலப் பிரிவு" என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பிரிவு வேறொரு மருத்துவமனையில் இருந்தது. அங்கே போனால், "முதல்ல புண்ணை ஆத்திட்டு வாங்க, இங்க சர்ஜன் இல்ல." இரண்டு இடத்திலும் கேட்ட இன்னொரு கேள்வி: "கூட அட்டெண்டர் யாரு?" சாயங்காலம் அதே படிக்கட்டுக்கு அடியில் கொண்டுவந்து விட்டேன். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரும்பாலும் இதயநோய், சர்க்கரை, தொற்று போன்ற உடல் நோய்களால். அது எப்படி நடக்கிறது என்பதை அந்த ஒரே பகலில் பார்த்துவிட்டேன். மனநோய் என்று ஒரு தரம் எழுதிவிட்டால், அதற்குப் பிறகு அந்த உடம்பை யாரும் தொடுவதில்லை.

14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண்ணுக்கு, பேசினேன். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். வீடில்லாதவர்களுக்கு, வறுமைக்கோட்டு அட்டை இல்லாவிட்டாலும், அரசு மனநல சிகிச்சை இலவசம் என்று 18வது பிரிவு சொல்கிறது. மனநோயால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் திரிபவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது காவல் நிலையத்தின் கடமை என்கிறது 100வது பிரிவு. லாக்கப்பில் வைக்கக் கூடாது. காணாமல் போனவர் என்று எஃப்.ஐ.ஆர். போட்டுக் குடும்பத்தைத் தேட வேண்டும். எழுத்தில் மனு கொடுத்தேன், எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். குடும்பம் இன்னும் கிடைக்கவில்லை.

ஆனால் கதவைத் திறந்தது எங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையம்தான். அங்கிருந்த நர்சம்மா மதிய வேளையில் படிக்கட்டுக்கே வந்து தரையில் உட்கார்ந்தார். டர்பன்டைன் நனைத்த பஞ்சை வைத்துப் புழுவை வெளியே வரவழைத்தார். மூன்று நாள் வந்து கட்டு மாற்றினார். பெரிய மருத்துவமனைக்கு டாக்டர் எழுதிய கடிதத்தில் முதல் வரி: சர்க்கரை நோய், அழுகும் பாதப் புண், காய்ச்சல். மனநோய் இரண்டாம் பத்தியில்தான் வந்தது. இதே நிலைமையில் இருக்கும் யாருக்கும் நான் சொல்வது இதைத்தான்: கடிதத்தில் எது முதலில் வருகிறது என்று பார்த்து வாங்குங்கள்.

மூட்டைகள் மிச்சம் இருந்தன. வார்டில் அனுமதியில்லை. கடையின் பில் புத்தகத்தை எடுத்து, "மூட்டை 3, பாதுகாப்பில் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி, கடை முத்திரை குத்தி அக்கா கையில் கொடுத்தேன். எழுத்துக் கூட்டி வாசித்தார். தேதி போடவில்லை என்று திருப்பிக் கொடுத்தார். போட்டேன். எழுந்து ஆட்டோவில் ஏறிக்கொண்டார். ஏழு வருடத்தில் அவரிடம் யாரும் எதையும் அனுமதி கேட்டு வாங்கியதில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

பதினாறு நாள் சர்ஜிகல் வார்டு. சுண்டுவிரலை எடுத்தார்கள், பாதம் தப்பியது. அட்டெண்டராக நானும் என் மனைவியும் பூ விற்கும் அம்மாவும் மாறி மாறி இருந்தோம். மனநல மருத்துவர் அந்த வார்டுக்கே வந்து பார்த்தார். ஓலன்சபின் என்ற மனநோய் மாத்திரை சர்க்கரையையும் எடையையும் ஏற்றும் என்பதால் அதைத் தவிர்த்து, அதே நோய்க்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் ஃப்ளூஃபெனசின் ஊசியைத் தேர்ந்தார். தெருவில் தினசரி மாத்திரையைவிட அதுதான் நிலைக்கும் என்றார்.

காப்பகத்துக்கு அழைத்துப் பார்த்தோம். அக்கா வரவில்லை, படிக்கட்டுக்கே திரும்பினார். அதனால் சிகிச்சையையும் அங்கேயே கொண்டுவர வேண்டியிருந்தது. சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், பிறகு தொடவே மாட்டார். காலையில் அம்மா உணவகத்து ஒரு ரூபாய் இட்லி நான்கு சாப்பிட்டதும் கடைக்கு வந்து ஒரு மாத்திரை, கடை மூடும் முன் சாப்பாட்டோடு ஒன்று. மாத்திரை என்னிடமே இருக்கிறது. தெருவில் வைத்தால் நனையும், இல்லை காணாமல் போகும். 2021இல் தொடங்கிய, வீட்டுக்கே மருந்து கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சேர்க்கப் போனபோது கதவு எண் கேட்டார்கள். என் கடை எண்ணைக் கொடுத்தேன். இப்போது மாதாமாதம் அக்கா பெயரில் மாத்திரை கடைக்கு வருகிறது. மருத்துவக் காப்பீட்டு அட்டைதான் பாக்கி, ரேஷன் அட்டை இல்லாமல் நிற்கிறது.

அவர் காதில் கேட்கும் குரல்கள் முழுக்கப் போய்விடவில்லை. நேற்றுகூட யாரையோ திட்டினார். திட்டி முடித்துவிட்டு வந்து பாதத்தைத் தூக்கிக் காட்டி, "பாரு தம்பி, வெடிப்பு இருக்கா?" என்றார். குதிகாலில் ஒன்று இருந்தது. வியாழக்கிழமை ஊசி நாள், அன்றைக்கே நர்சம்மாவிடம் காட்ட வேண்டும்.