வடிவாகத் தெரியும் கண்

நவம்பர் 3

காலையில் அப்பா விறாந்தையில் வீச்சுவலையைப் பரப்பிவைத்துப் பொத்திக்கொண்டிருந்தார். கை பழகிய வேலை. ஆனாலும் ஊசி கண்ணிக்குள் போகாமல் விலகி விலகிப் போனது. "இடக்கண்ணுக்குள்ள கறுப்பா நூல் நூலா ஓடுது புள்ள, கழுவினாலும் போகுதில்ல" என்றார். நேற்று இரவிலிருந்தாம். நோவில்லை, சிவப்பில்லை.

பக்கத்து வீட்டு மாமா எட்டிப் பார்த்து, "பூ விழுந்திருக்கும், ஆறுதலா வெட்டலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். பூ என்றால் மெல்ல மெல்லத்தானே மங்கும்? ஒரே இரவில் இப்படி வராது. அப்பாவுக்கு எத்தனையோ வருடமாகச் சீனி வருத்தம். நாளைக்கே கூட்டிக்கொண்டு போகப் போகிறேன்.

நவம்பர் 4

விடிய முதலே மழை. கல்லடிப் பாலத்தில் ஆட்டோவுக்குள்ளும் சாரல் அடித்தது. கண் கிளினிக்கில் முதலில் எழுத்துப் பலகை. இடக்கண்ணால் மேல் வரி மட்டும். வலக்கண்ணால் கடைசி வரி வரை தடக்காமல் வாசித்தார். 6/6. "பார்த்தியா, இது வடிவாத் தெரியுது" என்று அப்பாவுக்குச் சந்தோஷம்.

அப்புறம் இரண்டு கண்ணுக்கும் சொட்டு மருந்து. அரை மணி நேரத்தில் கருமணி நன்றாக விரிந்துவிட்டது. வைத்தியர் விளக்கை வைத்து நெடுநேரம் பார்த்தார். இடக்கண்ணில் இரத்தம் கசிந்திருக்கிறது, அதுதான் கறுப்பு நூல். அதைவிட அடுத்து அவர் சொன்னதுதான் என்னை உலுக்கியது. வலக்கண்ணிலும் சீனியால் வந்த அதே விழித்திரை நோய், வெடிக்கக்கூடிய புது இரத்தக் குழாய்கள் அங்கேயும் முளைத்திருக்கின்றன. "நல்லாத் தெரியுற கண்ணைத்தான் உடனே காப்பாத்த வேணும் ஐயா" என்றார்.

நவம்பர் 5

நித்திரை வரவில்லை. வைத்தியர் சொன்னதை எழுதி வைக்கிறேன்.

இரத்தத்தில் சீனி கூடவே நின்றால் விழித்திரையின் மெல்லிய இரத்தக் குழாய்கள் பழுதாகும். சில கசியும், சில அடைபடும். இரத்தம் கிடைக்காத இடம் புதுக் குழாய்களை வரவழைக்கும். அவை உறுதியில்லாதவை, சும்மா இருக்கும்போதே உடையும். விழித்திரையின் நடுப்பகுதி வீங்காத வரைக்கும், உள்ளே இரத்தம் கொட்டாத வரைக்கும், ஆளுக்கு எதுவும் தெரியாது. நோவும் இராது. கண்ணாடிக் கடையில் எழுத்து வாசிப்பதால் இது பிடிபடாது. கண்ணை விரித்து உள்ளே பார்க்கத்தான் வேண்டும். இரண்டாம் வகைச் சீனி வருத்தம் என்றால் நோய் தெரிந்தவுடனேயே ஒருமுறை, பிறகு வருடா வருடம்.

எங்கள் பக்கத்தில் எத்தனை பேர் மாதா மாதம் கிளினிக் கொப்பியோடு போய் மருந்து எடுத்து வருகிறார்கள்! கண்ணை விரித்துப் பார்த்தவர்கள் அதில் எத்தனை பேர்?

நவம்பர் 12

வலக்கண்ணுக்கு லேசர். நாடியைத் தாங்கியில் வைத்து, விறைக்கச் சொட்டு விட்டு, கண்ணில் ஒரு வில்லையைப் பொருத்தினார்கள். பளிச் பளிச்சென்று வெளிச்சம். கடைசியில் கண்ணுக்குப் பின்னால் குத்தியதாம். இழந்த பார்வையை லேசர் திருப்பித் தராது, இருப்பதைக் காக்கும். இருட்டில் பார்ப்பது கொஞ்சம் குறையலாம் என்றும் சொன்னார்கள். இரவில் வாவிக்குப் போகும் மனிதருக்கு அது சின்ன விடயமில்லை. ஆனாலும் அப்பா சரி என்றார்.

நவம்பர் 14

இன்று உலக நீரிழிவு தினம். 1921இல் இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பான்டிங்கின் பிறந்த நாள்.

படுவான்கரையில் இருக்கும் மாமிக்குப் போன் எடுத்தேன். அவவுக்கும் சீனி, பிரஷரும் இருக்கிறது. பிரஷர் கூடினால் கண்ணுக்கு இன்னும் கேடு. "நான் இப்பவும் ஊசியில நூல் கோக்கிறன், எனக்கென்ன கண்ணுக்கு?" என்றா. அப்பாவின் வலக்கண்ணைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. மறுகா, "அண்ணன் கடைசி வரியும் வாசிச்சவரா?" என்று கேட்டா.

நவம்பர் 15

அப்பா இன்சுலின் இழுப்பதைக் கிட்ட நின்று பார்த்தேன். 24 யுனிட் இழுக்க வேண்டும். ஊசிக்குழாயில் ஒரு கோட்டுக்கு 2 யுனிட், கோடுகளோ மயிரிழை. குழாயை வெளிச்சத்தில் பிடித்து, கையின் நிதானத்தில் நிறுத்தினார். 28இல் நின்றது. கூடினால் சீனி இறங்கி மயங்கிவிடுவார். இனி நான்தான் இழுத்துக் கொடுப்பேன். காலில் புண் இருக்கிறதா என்பதையும் நானே பார்க்க வேண்டும். அவர் கண்ணுக்கு அதுவும் தப்பும்.

டிசம்பர் 4

மாமி வந்தா. சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசி மங்கும், தனியாக வர வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் மச்சானும் கூட வந்தான். அவவின் விழித்திரையில் ஆரம்பப் புள்ளிகள் இருக்கின்றன. லேசர் தேவையில்லை. சீனியையும் பிரஷரையும் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டு அடுத்த வருடம் திரும்பக் காட்டச் சொன்னார்கள். கொப்பியில் திகதி எழுதியாயிற்று. அப்பாவின் இடக்கண்ணில் இரத்தம் கொஞ்சம் வடிந்திருக்கிறது, அதற்கான லேசர் அடுத்த கிழமை.