இந்தச் சட்டம் யார் கையைக் கட்டுகிறது? – அரசு அலுவலகத் தகவல் பாதுகாப்புச் சட்டங்களைப் படித்த அனுபவம்

சைபர் சட்டப் பட்டயத் தேர்வை நான் இரண்டு முறை எழுதினேன். முதல் முறை தவறியதற்கு ஒரு கேள்வியே பெரும் காரணம். ஓர் அரசுத் துறையின் கணினியிலிருந்து ஓய்வூதியர்களின் வங்கிக் கணக்கு விவரங்கள் கசிந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, அந்தத் துறையின் சட்டப் பொறுப்பை ஆராயுமாறு கேட்டிருந்தார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43ஏ பிரிவு எனக்கு மனப்பாடமாக இருந்ததால், அதை வைத்து மூன்று பக்கம் எழுதி, இழப்பீடு கிடைக்கும் என்று முடித்துவிட்டு நிம்மதியாக வெளியே வந்தேன். அந்த மூன்று பக்கமும் பயனற்றவை என்பது மதிப்பெண் வந்த பிறகுதான் தெரிந்தது. 43ஏ பிரிவு, நிறுமங்களுக்கு மட்டுமே கடமை விதிக்கிறது. அந்தச் சொல்லுக்கு அதே பிரிவின் விளக்கத்தில் தரப்பட்டிருக்கும் பொருளில் கம்பெனி, கூட்டாண்மை, தனியுரிமைத் தொழில், வணிக அல்லது தொழில்முறைப் பணியில் ஈடுபடும் சங்கம் ஆகியவை அடங்குகின்றன; அரசுத் துறை அடங்குவதில்லை. பிரிவைப் படித்த நான் அதன் அடியிலிருந்த விளக்கத்தைப் படிக்கவில்லை.

டெல்லி ராமகிருஷ்ணபுரத்தில் எங்கள் குடியிருப்புக்கு அருகே, மத்திய அரசில் சார்புச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்ற திருநெல்வேலிக்காரர் ஒருவர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் அவரிடம் இந்தத் தோல்வியைச் சொன்னேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. “தம்பி, ஒரு சட்டத்தைத் திறந்தா முதல்ல இது யார் கையைக் கட்டுதுன்னு பாருங்க. அரசாங்கத்தையா, கம்பெனியையா, தனி ஆளையா? அது தெரியாம தண்டனையைப் படிச்சு என்ன பிரயோஜனம்?” என்றார். அடுத்த எட்டு மாதங்கள் நான் படித்த முறை முழுவதும் இந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான். இப்பாடத்தை எடுத்திருப்பவர்களுக்கும், துறைத் தேர்வுக்காக இதே சட்டங்களைப் புரட்டும் அலுவலக நண்பர்களுக்கும் அதைப் பகிர விரும்புகிறேன்.

அரசு அலுவலகங்களின் தகவல் பாதுகாப்புக்கென்று இந்தியாவில் தனி ஒரு சட்டம் கிடையாது என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் 2002-இல் வந்து 2014-இல் புதுப்பிக்கப்பட்ட ஃபிஸ்மா சட்டம், தகவல் பாதுகாப்பு அந்தந்த அரசு முகமையின் தலைவரது பொறுப்பு என்று நேராகவே சொல்லிவிடுகிறது. நமக்கு அந்தப் பொறுப்பு 1923 முதல் 2023 வரை நூறு ஆண்டுகளில் இயற்றப்பட்ட பல சட்டங்களிலும், அவற்றின் கீழ் வந்த விதிகளிலும், வழிகாட்டுதல்களிலும் சிதறிக் கிடக்கிறது. ஒப்பீட்டுக் கேள்வி வந்தால் இந்த வேறுபாட்டிலிருந்தே தொடங்கலாம். நமக்கும் அப்படியொரு தனிச் சட்டம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் விடைத்தாளில் அதைச் சொல்வதற்கு முன், இருக்கும் சட்டங்கள் எதுவரை எட்டுகின்றன என்று காட்டியாக வேண்டும்.

நான் ஒரு நீளமான நோட்டில் பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுப் பிரித்தேன். கடமை யாருக்கு, எந்தத் தகவலுக்கு, தவறினால் என்ன என்பவை மூன்று தலைப்புகள். தமிழ்ச் சங்க நூலகத்தில் உட்கார்ந்து, உரைநூல்களை ஒதுக்கி வைத்துவிட்டு, பேர் ஆக்ட் என்று நாம் சொல்லும் மூலச் சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு அதை நிரப்பினேன். வரையறைப் பிரிவைப் படிக்காமல் அடுத்த பிரிவுக்குப் போவதில்லை என்று ஒரு கட்டுப்பாடும் வைத்துக்கொண்டேன்.

அப்படிப் படித்தபோது என்னை மிகவும் நிறுத்தி யோசிக்க வைத்தது, பலரும் பழையது என்று தள்ளிவிடும் அலுவல் ரகசியச் சட்டம், 1923. அதன் 5-ஆவது பிரிவு, ரகசியத்தை வெளியே சொல்பவரை மட்டும் தண்டிப்பதாகவே நான் நினைத்திருந்தேன். தன்னிடம் உள்ள ஆவணம், தகவல், அலுவல் சார்ந்த ரகசியக் குறியீடு, கடவுச்சொல் ஆகியவற்றை உரிய கவனத்துடன் பாதுகாக்கத் தவறுவதும் அதே பிரிவின்கீழ்க் குற்றம். மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. கணினியே இல்லாத காலத்தில் எழுதப்பட்ட சட்டத்தில் கடவுச்சொல் என்ற சொல்லைப் பார்த்ததும் பென்சிலால் அடிக்கோடிட்டேன். முன்பு நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில், ஒரு கணினித் திரையின் ஓரத்தில் மஞ்சள் சீட்டு ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். உள்நுழைவுப் பெயரும் கடவுச்சொல்லும் அதில் நீல மையில் எழுதப்பட்டிருக்கும். விடுப்பில் போனவரின் வேலையை அடுத்தவர் பார்ப்பதற்கான ஏற்பாடு அது. அந்தச் சீட்டு ஒட்டியவரை இப்பிரிவின்கீழ்க் கொண்டுவர முடியுமா? 1923-இல் அச்சொல் காவலரணில் கேட்கப்படும் அடையாளச் சொல்லையே குறித்தது என்று ஒருவர் வாதிடலாம். சட்டம் சொல்லைத்தான் சொல்கிறது, கருவியைச் சொல்லவில்லை என்று மற்றவர் வாதிடலாம். இரண்டு பக்கத்தையும் எழுதிப் பழகுங்கள். பிரச்சினைக் கேள்விகளுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்தது, பாடத்திட்டத்தில் பெரும்பாலும் ஒரு வரியாக மட்டும் வரும் பொது ஆவணங்கள் சட்டம், 1993. மத்திய அரசுத் துறைகள் போன்ற அமைப்புகளில் கணினியோ வேறு எந்தக் கருவியோ உருவாக்கும் எந்தப் பொருளும் இதன்படி பொது ஆவணமாகும். மத்திய அரசின் முன் அனுமதியின்றிப் பொது ஆவணத்தை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்கிறது 4-ஆவது பிரிவு. மீறினால் ஐந்தாண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கோப்பின் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து, வெளிநாட்டு சர்வரில் இயங்கும் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளும் பழக்கத்தை இதோடு வைத்துப் பாருங்கள். அலுவல் நோக்கத்துக்காக அனுப்பினால் அனுமதி தேவையில்லை என்ற காப்புரையும் அதே பிரிவில் உண்டு. அதைக் குறிப்பிடாமல் விட்டால் விடை பாதிதான்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில், 2008 திருத்தத்துக்குப் பிந்தைய 70, 70ஏ, 70பி ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டும். முடங்கினால் நாட்டின் பாதுகாப்பையோ பொருளாதாரத்தையோ பொதுச் சுகாதாரத்தையோ மக்களின் பாதுகாப்பையோ நிலைகுலையச் செய்யும் கணினி வளங்களைப் பாதிக்கக்கூடிய கணினிகளைப் ‘பாதுகாக்கப்பட்ட அமைப்பு’ என்று அரசு அறிவிக்க 70-ஆவது பிரிவு இடம் தருகிறது. அறிவித்தபின் அனுமதியின்றி நுழைய முயன்றாலே பத்தாண்டு வரை சிறை. 2018-ஆம் ஆண்டு விதிகள், அத்தகைய அமைப்பை வைத்திருக்கும் நிறுவனத்தின் கையையும் கட்டுகின்றன. தகவல் பாதுகாப்பு வழிநடத்தும் குழு அமைப்பதும், தலைமைத் தகவல் பாதுகாப்பு அலுவலரை நியமிப்பதும் அவற்றின்படி கட்டாயம். 70ஏ பிரிவின்கீழ் 2014-இல் அமைந்தது முக்கியத் தகவல் கட்டமைப்புகளைக் காக்கும் தேசிய மையமான என்சிஐஐபிசி. 70பி பிரிவின்கீழ் இயங்குவது, இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும் தேசிய அமைப்பான செர்ட்-இன்.

2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவுகளை எண்களுடன் நினைவில் வைத்திருங்கள். இணையப் பாதுகாப்புச் சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவேடுகளை, அதாவது லாக்குகளை, 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். கணினிகளின் கடிகாரத்தைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு பொருத்த வேண்டும். இவ்வுத்தரவு கட்டுப்படுத்தும் தரப்புகளில் அரசு அமைப்புகள் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கின்றன. 43ஏ-யில் நான் தேடிக் காணாதது இங்கே வெளிப்படையாக இருந்தது. அரசு அமைப்புகளுக்கென்றே 2023 ஜூன் 30-இல் தனி வழிகாட்டுதலையும் செர்ட்-இன் வெளியிட்டது. அது சட்டப் புத்தகங்களில் அச்சாகியிருக்காது. செர்ட்-இன் தளத்திலிருந்து இறக்கிப் படியுங்கள்.

ரகசியத்தைக் காக்கும் சட்டத்தைப் படித்த அன்றே தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ஐயும் படித்துவிடுவது நல்லது. அதன் 22-ஆவது பிரிவு அலுவல் ரகசியச் சட்டத்துக்கு மேலாகத் தன்னை நிறுத்துகிறது. 8(2) உட்பிரிவின்படி, பாதுகாக்கப்படும் நலனைவிடப் பொதுநலன் மிகுந்திருந்தால் விலக்களிக்கப்பட்ட தகவலையும் தரலாம். பாதுகாப்பு என்றால் எல்லாவற்றையும் பூட்டி வைப்பது என்று எழுதும் விடைகள் இங்கேதான் சறுக்குகின்றன.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023-ஐப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நவம்பரிலும் என் அம்மா குடும்ப ஓய்வூதியத்துக்காக ரேகைக் கருவியில் விரலை வைத்து வாழ்நாள் சான்று தருகிறார். அந்த ரேகையும் கணக்கு எண்ணும் கசிந்தால், அரசைப் பார்த்து அவர் எந்தச் சட்டத்தைக் காட்டுவார் என்பதே என் முதல் தேர்வின் கேள்வியும்கூட. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அந்த உரிமை அரசையே கட்டுப்படுத்துவது என்பதால், விடையை அங்கிருந்து தொடங்கலாம். 2023 சட்டம் அரசையும் தரவுப் பொறுப்பாளராக, அதாவது தனிநபர் தரவை எதற்கு, எப்படிக் கையாள்வது என்று முடிவெடுக்கும் தரப்பாக, ஏற்கிறது. போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டத்தொகை விதிக்கிறது. அதே கையால், அறிவிக்கை செய்யப்படும் அரசு அமைப்புகளுக்கு 17(2) உட்பிரிவில் முழு விலக்கும் தருகிறது. தண்டத்தொகை பாதிக்கப்பட்டவர் கைக்குப் போவதில்லை, இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகிறது. 43ஏ பிரிவையும் இச்சட்டம் நீக்குகிறது. அம்மாவைப் போன்றவர்களுக்கு இழப்பீட்டு வழி இதில் இல்லை என்பதை நான் பெரும் குறையாகவே கருதுகிறேன். இரண்டாம் முறை விடையிலும் அதைத் தயங்காமல் எழுதினேன்.

சட்டம் இயற்றப்பட்ட நாளும் நடைமுறைக்கு வந்த நாளும் வேறு வேறு என்பதும் இச்சட்டத்தில் முக்கியம். 2025 நவம்பரில் விதிகள் வெளியானபோது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தனிநபர் தகவலுக்கு விலக்களிக்கும் 8(1)(ஜே) உட்பிரிவை மாற்றும் திருத்தம் உடனே நடைமுறைக்கு வந்தது; தரவைக் காக்கும் கடமைகளுக்கும் 43ஏ நீக்கத்துக்கும் 18 மாத அவகாசம் தரப்பட்டது. கேள்வியில் தேதி கொடுத்திருந்தால் அந்தத் தேதியில் எந்தச் சட்டம் உயிரோடு இருந்தது என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

பழைய பதிப்பு மூலச் சட்டத்தை நண்பரிடம் கடன் வாங்கிப் படிப்பவர்கள், தேர்வுக்கு ஒரு வாரம் முன்பாவது திருத்தங்களைச் சரிபார்க்க வேண்டும். என் கையிலிருந்த புத்தகத்தில், செர்ட்-இன் கேட்ட தகவலைத் தராதவருக்கு 70பி(7) உட்பிரிவின்கீழ் அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை என்று அச்சாகியிருந்தது. பல சட்டங்களின் தண்டனைப் பிரிவுகளை ஒன்றாகத் திருத்திய ஜன் விஸ்வாஸ் சட்டம், 2023 அதை ஒரு கோடி ஆக்கிவிட்டது. லட்சத்தை அடித்து, பக்கத்து ஓரத்தில் கோடி என்றும், திருத்தச் சட்டத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதி வைத்தேன். இரண்டாம் தேர்வில் அந்த உட்பிரிவு ஐந்து மதிப்பெண் கேள்வியாக வந்தது.