குப்பியின் சுவரில் ஒட்டியது

இன்று காலை, கழிவுநீரிலுள்ள எண்ணெயை அளக்கப் பிரித்தெடுக்கும் இயந்திரத்தில் கவிழ்த்து வைத்த ஒரு லிட்டர் குப்பியிலிருந்து கழிவுநீர் முழுவதும் வடிந்த பின்னும், அதன் உட்சுவரில் மங்கலான எண்ணெய்ப் படலம் ஒட்டிக்கொண்டிருந்தது. சிப்ஸ் வறுக்கும் ஆலையிலிருந்து வந்த மாதிரி அது.

அந்தப் படலத்தை விட்டுவிட்டால் கணக்கே பொய்.

அதனால்தான் மாதிரியில் பாதியை மட்டும் ஊற்றி அளப்பதில்லை. நீர் வடிந்ததும், எண்ணெயைக் கரைக்கும் ஹெக்சேன் திரவம் குப்பியின் சுவரை அலசி இறங்கி, கீழே நீர் கடந்துபோன வடிவட்டில் பிடிபட்ட எண்ணெயையும் கரைத்துக்கொண்டு வருகிறது.

நீரையும் ஹெக்சேனையும் பிரிபுனல் என்ற கண்ணாடிக் கலத்தில் ஊற்றிக் கையால் குலுக்கிய காலத்தில், கடைந்த மோர்போல் வெண்ணிறக் கலங்கல் திரண்டு, அது தெளியும்வரை மணிக்கணக்கில் காத்திருப்போம். இப்போது வெற்றிடம் நீரை உறிஞ்சிக்கொள்கிறது, தோள்வலி மிச்சம். ஆனால், சேறு மிகுந்த மாதிரி வந்தால் வட்டு அடைத்துக்கொள்ளும், அன்று இயந்திரத்தின் முன் நின்று தவிப்பதும் நாம்தான்.

ஆறு, ஏரியில் விடும் கழிவுநீரில் எண்ணெய், கொழுப்புக்கு இந்திய வரம்பு லிட்டருக்கு 10 மில்லிகிராம். ஏறக்குறைய அரை அரிசியின் எடை.

ஹெக்சேன் ஆவியானபின் தட்டில் மஞ்சளாய் ஒரு பிசுக்கு மட்டும் எஞ்சியது. மீண்டும் உலர்த்தி நிறுத்தபோதும் தராசு 14 மில்லிகிராம் என்றே காட்டியது.