தேவார ஓலைக்கட்டு ஒன்றைச் செப்பனிடப் பணம் கொடுத்த அனுபவம்

அப்பா நினைவாக ஒரு தேவார ஓலைக்கட்டைச் செப்பனிடும் செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்டேன். எப்படிச் செய்வது என்று சிலர் கேட்டதால் எழுதுகிறேன்.

முதலில் விசாரித்த இடத்தில், பொது நிதியில்தான் சேர்ப்போம், எந்தச் சுவடிக்குச் செலவானது என்று சொல்ல முடியாது என்றார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. அடுத்துப் போன நூலகத்தில் சுவடிக் காப்பாளரே அலமாரியைத் திறந்து, பூச்சி அரித்து ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்த கட்டுகளைக் காட்டினார். அப்பாவுக்கு உயிரான திருநீற்றுப் பதிகம் இருந்த கட்டையே செப்பனிடச் சொல்லித் தேர்ந்தெடுத்தேன். ஸ்கேன் செய்யப் பணம் தருபவர்கள் உண்டு, ஏட்டைத் துடைக்கத்தான் ஆள் குறைவு என்றார் அவர். அழுக்கோடு படமெடுத்தால் படத்திலும் எழுத்து தெரியாது; அதனால் சுத்தம் முதலில், ஸ்கேன் அப்புறம் என்று கட்டின் எண், ஏடுகளின் எண்ணிக்கையோடு கடிதமாகவே வாங்கிக்கொண்டேன். நீங்களும் வாங்குங்கள்.

பணத்தை வங்கி வழியாக அனுப்புவதே நல்லது. ரொக்கமாக ரூ.2,000-க்கு மேல் கொடுத்தால் நன்கொடைக்கான வருமான வரிவிலக்கு கிடைக்காது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு அந்த விலக்கே இல்லை.

வேலை நடக்கும்போது அனுமதி கேட்டுப் போய்ப் பார்த்தேன். அங்கிருந்த அம்மா மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டிவிட்டு, ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஏட்டை நீளவாக்கில் துடைத்தார். எழுத்தாணியால் கீறியது என்பதால் அழியாது, மையால் எழுதியிருந்தால் இப்படித் தொடவே கூடாதாம். பிறகு விளக்குக்கரி குழைத்த எண்ணெயைத் தடவி மிச்சத்தை ஒற்றி எடுத்ததும், வெறும் ஓலையாகத் தெரிந்த இடத்தில் வரிவரியாக எழுத்து எழும்பி வந்தது, எனக்குப் பேச்சே வரவில்லை. தில்லையில் கறையான் புற்று மூடிய தேவார ஏடுகளை எண்ணெய் சொரிந்து மீட்டதாகத் திருமுறை கண்ட புராணம் சொல்வதும் அப்போது நினைவுக்கு வந்தது.

கடைசியில் சிட்ரோனெல்லா என்ற வாசனைப் புல் எண்ணெய் பூசுகிறார்கள். ஓலை முறியாமல் வளைந்து கொடுக்கும், பூச்சியும் அண்டாது, ஆனால் அவ்வப்போது திரும்பப் பூச வேண்டும். அதனால் பராமரிப்புக்கும் தனியாகக் கொடுத்திருக்கிறேன்.

புதுச்சேரியின் சைவச் சுவடித் தொகுப்பு 2005-இல் யுனெஸ்கோ பதிவேட்டில் ஏறியது. அப்படிப் பெயர் கிடைக்காத சிறு நூலகங்களையும் தேடிப் போங்கள். வீட்டுப் பரணில் கட்டு இருந்தால், சரஸ்வதி பூஜைக்கு ஏட்டின் மேலேயே மஞ்சள் குங்குமம் வைக்காதீர்கள், நீங்களாகப் பிரிக்கவும் வேண்டாம், அப்படியே துணியில் சுற்றிக் காப்பாளரிடம் காட்டுங்கள்.